பங்குனி ஆமைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் முதன்முதலாகப் பிள்ளைகளை மணலில் உட்காரவைத்துக் கடலாமை பற்றிப் பேசியபோது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணை என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடத்தில் பாதிப் பேர் நண்டு பிடிக்கப் போய்விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். அப்புறம்தான் கதையாகச் சொல்லப் பழகினேன்.

முதலில், ஒரே ஒரு உயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இயற்கை' என்பதெல்லாம் கதாநாயகன் ஆகாது. பிச்சாவரம் பக்கம் என்றால் ஒரு சுரபுன்னை மரம், புதுச்சேரி ஊசுட்டேரி என்றால் ஒரு நாரை. எனக்கு ஆமை. பாடப்புத்தகத்தில் அது ஆலிவ் ரிட்லி. பங்குனி ஆமை என்று சொன்னால்தான் நம் ஊர் ஆமை.

அடுத்து, கிழிந்த வலையைச் சரிசெய்கிற பெரியவர்கள் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்து, அவர்கள் ஆமை பற்றிச் சொல்வதைக் கேளுங்கள். நோட்டை வெளியே எடுத்தீர்களோ, அது பேட்டியாகிவிடும்.

விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாய் ஆமை இரவில் கரையேறி, பின்துடுப்பால் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய 45 முதல் 60 நாள். மணலில் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். இதைக் கேட்டால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், அதனால் முதலிலேயே கொட்டிவிடாமல் நடுவில் சொல்லுங்கள். முட்டையைக் காட்ட ஒரு பிங்பாங் பந்து போதும், அளவு கிட்டத்தட்ட அதேதான்.

இப்போது முக்கியமான வேலை: அந்த உயிருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது? குஞ்சுக்குக் கடல் வேண்டும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் போவது அதன் இயல்பு; இருட்டான கரையில் அது கடல் பக்கம், விளக்கு வந்த பிறகு ஊர்ப் பக்கம். நான் இப்படித் தொடங்குவேன்:

"ராத்திரி மூணு மணி. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு குஞ்சு மணலைத் தள்ளித் தலையை நீட்டுது. தூரத்துல வெள்ளையா ஏதோ தெரியுது. குடுகுடுன்னு ஓடுது. ஆனா அலைச் சத்தம் முதுகுக்குப் பின்னால கேட்குது..."

இங்கே நிறுத்திவிட்டு, "அந்த வெள்ளை என்ன?" என்று கேளுங்கள். அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒரு வாண்டு "எங்க வீட்டு லைட்டு!" என்று கத்தும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலையில் சிக்கினால் மூழ்கிச் செத்துப்போகும் என்பது உண்மைதான். அதற்காக மீனவரை வில்லனாக்கினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பாவைத் திட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சிக்கிய ஆமைக்காகச் சொந்த வலையையே அறுத்து விடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், அதையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

கடைசியில் குஞ்சு கடலைச் சேர்ந்ததா என்று சொல்லவே வேண்டாம். ஆமை கரையேறும் காலமான தை முதல் பங்குனி வரை கடலைப் பார்த்த வாசல் விளக்கை ராத்திரியில் அணைக்கச் சொல்லி, மீதிக் கதை நாளைக்கு என்று எழுந்துவிடுங்கள். 'வாசல் விளக்கு' என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்; என் பேச்சைக் கேட்டு ஒரு பையன் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டான், மறுநாள் அவன் பாட்டி என்னைத் தேடி வந்தார்.