வாசலுக்கு வெளிக் கண்ணாடிக் கதவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டுப்புற வீட்டின் தலைவாசலுக்கு வெளியே ஸ்டார்ம் டோர் எனப்படும் இரண்டாவது கதவைப் பொருத்தும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், கற்றுக்குட்டிகளாக இருந்தபோது நாங்கள் செய்த அதே பிழைகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். திருகு கோணலாக ஏறுவது, கதவைத் தலைகீழாக மாட்டுவது போன்றவை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெயில் இறங்கும் வாசலில் முழுக் கண்ணாடி

பணத்தைத் தின்னும் பிழை இது. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. மழையையும் பனிக்காற்றையும் மட்டும் மனத்தில் வைத்துக் கதவு வாங்குபவர்கள், வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யோசிப்பதே இல்லை. கண்ணாடி வழியே நுழையும் வெயில் உள்கதவின் மேல் விழுந்து வெப்பமாகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியின்றி, இரண்டு கதவுகளுக்கும் இடையே உள்ள சில அங்குல இடைவெளியில் தேங்கிவிடுகிறது. உள்கதவுக்கு அடர்நிறப் பெயின்ட் அடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நாளொன்றுக்குச் சில மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் படும் கதவின் முன் கண்ணாடி ஸ்டார்ம் டோர் வேண்டாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது.

மேற்குப் பார்த்த பண்ணை வீடு ஒன்றில் வராந்தாவும் இல்லை, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. எங்களிடம் வேலை பழகிய பையன், வீட்டுக்காரர் கேட்டார் என்பதற்காக அங்கே முழுக் கண்ணாடிக் கதவைப் பொருத்திவிட்டு வந்தான். வேலை நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் போய்ப் பார்த்தபோது, உள்கதவில் இருந்த சிறு ஜன்னலின் பிளாஸ்டிக் சட்டம் நடுவில் வளைந்து கண்ணாடியை விட்டு விலகி நின்றது. கரும்பச்சைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. பித்தளைக் கைப்பிடியைத் தொட்ட கை தானாகப் பின்வாங்கியது. உள்கதவைச் செய்த நிறுவனமோ, முன்னால் இன்னொரு கதவு இருந்ததைக் காரணம் காட்டி, உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்துவிட்டது.

அத்தகைய வாசலுக்குக் கதவு வேண்டியே தீரும் என்றால், மேல்பாதிக் கண்ணாடியை இறக்கி வலை வழியே காற்றோட விடும் வகையை வாங்குங்கள். கோடை தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றி வலைச் சட்டத்தை மாட்டுங்கள். உள்கதவு வெப்பக்காப்புள்ள புதிய கதவாக இருந்தால், பெரும்பாலும் இந்தச் செலவே வீண். பழையதாயினும் உறுதியாக இருக்கும் கதவுக்குத்தான் இதனால் பலன் உண்டு.

காற்றுச் சங்கிலியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது

இந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. சுற்றிலும் திறந்த வயலாக இருந்தால் ஒரு வீச்சுக் காற்றே அதைப் பிடுங்கிச் சுவரில் அறைந்துவிடும். அப்போது முழு இழுப்பையும் தாங்குவது, கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசரின் சிறு தாங்கிதான். கதவு அளவுக்கு மீறித் திறக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் காற்றுச் சங்கிலியின் வேலை. குளோசரின் தண்டு முழுதும் நீள்வதற்குள் சங்கிலி விறைத்து நிற்கும்படி அதன் நீளத்தை அமைக்க வேண்டும். தாங்கியின் திருகுகளும் மேல் அலங்காரச் சட்டத்தோடு நின்றுவிடாமல், பின்னால் உள்ள கெட்டி மரம் வரை இறங்கும் நீளத்தில் இருக்க வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் அளப்பது

பழைய வீட்டு நிலை நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என அளந்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் கொள்ளுங்கள். இந்தக் கதவில் இருக்கும் டெம்பர்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்டிக் குறைக்க முடியாது.

கைப்பிடிகள் மோதிக்கொள்வது

இரண்டு கதவுகளையும் மூடிப் பார்க்காமல் கைப்பிடிக்குத் துளை போடாதீர்கள்.

கீழ்விளிம்பை சிலிகானால் அடைப்பது

பக்கங்களிலும் மேலேயும் அடைக்கலாம், கீழே கூடாது. உள்ளே புகுந்த மழைநீர் வடிவதற்கு இருக்கும் வழி அது ஒன்றுதான். அடைத்தால் மரப்படி இற்றுப்போகும்.