நாய்க்கு கண் அழுத்த நோய்: சொட்டு மருந்து விடுவது எப்படி?

எங்கள் பீகிள் நாய்க்கு கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், என்று தெரிந்த அன்று, மூன்று மருந்துக் குப்பிகளோடு வீடு திரும்பினோம். எதை முதலில் விடுவது, எத்தனை சொட்டு, அவள் தலையைத் திருப்பினால் என்ன செய்வது, ஒன்றும் புரியவில்லை. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஓரத்தில் உள்ள வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். நாய்களுக்கு 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. திடீரென்று ஏறினால் ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடலாம், வலியும் கடுமையாக இருக்கும். சொட்டு மருந்து நோயைக் குணமாக்காது, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அதனால்தான் வேளை தவறக்கூடாது.

முதலில் குப்பிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். லட்டானோபிராஸ்ட் நீர் வெளியேறுவதைக் கூட்டும். விட்ட சிறிது நேரத்தில் கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் வில்லை இடம் பெயர்ந்து முன்னால் வந்திருந்தால் இந்த மருந்து நிலைமையை மோசமாக்கும். டோர்சோலமைடும் பிரின்சோலமைடும் நீர் சுரப்பதைக் குறைக்கும். டோர்சோலமைடு கொஞ்சம் எரியும், பிரின்சோலமைடைக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். டிமோலாலும் சுரப்பைக் குறைப்பதுதான். ஆனால் இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்கோ வாங்கிய கண் மருந்தை எடுத்து விட்டுவிடாதீர்கள். பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் போன்ற மருந்து அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும்.

சரி, இப்போது விடும் முறை. கையைக் கழுவிக்கொண்டு, குப்பியை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள், சில்லென்று விழுந்தால் நாய் துள்ளும். நாயை உட்காரவைத்து, அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி பின்னால் மண்டியிடுங்கள். நேருக்கு நேர் குப்பியை நீட்டினால் பின்வாங்கத்தான் செய்யும். இடது கையால் தாடையைத் தாங்கி மூக்கை மேலே தூக்குங்கள். வலது கையில் குப்பியைப் பிடித்தபடி, அதே கையின் ஓரத்தை நெற்றியில் ஊன்றி மேல் இமையை மெல்ல மேலே இழுங்கள். கை தலையோடு ஒட்டியிருப்பதால் நாய் அசைந்தாலும் குப்பி சேர்ந்தே அசையும், முனை கண்ணில் குத்தாது. மேலிருந்து ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் தங்காது, மிச்சம் வழிந்து வீணாகும்.

உடனே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள், ஒரு நாளும் விடாமல். எங்கள் வீட்டில் மூன்றாம் வாரமே குப்பி மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் அவளே வந்து உட்கார ஆரம்பித்தாள்.

அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். முதல் சில நாட்கள் இது தெரியாமல் அடுத்தடுத்து விட்டோம், ஒன்றை மற்றொன்று கழுவிக்கொண்டு போய்விட்டது. களிம்பு இருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் விடுங்கள், ஈடுகட்ட இரண்டு சொட்டு வேண்டாம். ஒரு அட்டையில் நேரம் எழுதி டிக் போடுவது எங்களுக்குக் கைகொடுத்தது.

கழுத்துப்பட்டையில் சங்கிலியைக் கோத்து இழுக்காதீர்கள். கழுத்து இறுகினால் கண் அழுத்தமும் ஏறும், மார்புப்பட்டை நல்லது.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். பரம்பரையாக வரும் வகை என்றால் நன்றாக இருக்கும் மறு கண்ணுக்கும் வரும். முன்கூட்டியே சொட்டு மருந்து தொடங்கினால் அது வருவதைப் பல மாதங்கள் தள்ளிப்போடலாம், மருத்துவரிடம் கேளுங்கள். எந்தக் கண்ணாவது சிவந்து, கருவிழி நீலம் பாய்ந்த மாதிரி மங்கி, நாய் கண்ணை இடுக்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே கூட்டிக்கொண்டு போங்கள்.