கொமடோர் 64-இல் மோடம் வழியாக ஃபைல் இறக்குவது எப்படி?

80-களில் மாமா ஜெர்மனியிலிருந்து கொண்டு வந்த கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், திருவான்மியூரில் எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அதே மெஷின் உங்களிடமும் இருந்தால், அதில் மோடம் மாட்டி, பிபிஎஸ் (கம்ப்யூட்டரால் தொடர்புகொண்டு செய்தியும் ஃபைலும் எடுக்கும் பழைய பாணி தகவல் பலகை) ஒன்றிலிருந்து ஃபைல் இறக்கலாம். டெலிபோன் லைன் தேவையில்லை. இஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் போதும். கம்ப்யூட்டரிடம் அது பழைய மோடம் மாதிரியே பேசும். அந்த மோடத்தை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேர் என்னுடையதில் ஸிமோடெம். கொமடோரில் ஓடி மோடத்துடன் பேசும் டெர்மினல் மென்பொருள் சிசிஜிஎம்எஸ்.

படி 1: மாட்டுவது

பவரை அணைத்துவிட்டுத்தான் மோடத்தைத் தொட வேண்டும். பின்பக்க யூசர் போர்ட்டில் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள் உண்டு. அவற்றில் இரண்டில் 9 வோல்ட் ஏசி வருகிறது. மோடம் ஒரு முனை தள்ளி உட்கார்ந்தாலும் உள்ளே சிப் போய்விடும், கவனம். கடற்காற்றில் தொடுமுனைகள் கறுத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

படி 2: மென்பொருளை ஏற்றுவது

சிசிஜிஎம்எஸ் உள்ள டிஸ்க் இமேஜை (முழு டிஸ்க்கின் நகலான ஒரே ஃபைல்) எஸ்டி கார்டில் போட்டு, அந்தக் கார்டை டிஸ்க் டிரைவ் போலக் காட்டும் எஸ்டி2ஐஇசி கருவி வழியாக ஏற்றுங்கள். ஓடியதும் எஃப்7 அழுத்தினால் அமைப்புகள் வரும். மோடம் வகையில் யூசர் போர்ட், வேகத்தில் 1200. இப்போதைக்கு இதற்கு மேல் போக வேண்டாம்.

படி 3: மோடம் பேசுகிறதா?

ஏ, டி என்ற இரண்டு எழுத்தை அடித்து ரிட்டர்ன் தட்டுங்கள். ஓகே என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வேகத்தையும் மோடம் வகையையும் மறுபடி பாருங்கள். எழுத்துகள் இரண்டிரண்டாக வந்தால் ஏ, டி, இ, பூஜ்யம் என்று அடித்து எதிரொலியை நிறுத்துங்கள்.

படி 4: வைஃபை

நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். கொமடோருக்கு பெட்ஸ்கி என்று சொந்த எழுத்துக் குறியீடு உண்டு. மற்ற கம்ப்யூட்டர்களின் குறியீடான ஆஸ்கியில் பெரிய எழுத்துக்கு இருக்கும் 65 முதல் 90 வரையான எண்கள் அதில் சின்ன எழுத்துக்குப் போகின்றன. ஆகவே கிராஃபிக்ஸ் முறையில், அதாவது பெட்ஸ்கியில், அடித்த என் பாஸ்வேர்டு மோடத்துக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இடம் மாறிப் போனது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது! ஷிஃப்ட்டுடன் எஃப்7 அழுத்தி, அதாவது எஃப்8, ஆஸ்கி முறைக்கு மாறிய பிறகு பாஸ்வேர்டு அடியுங்கள். கட்டளை இதுதான்: ஏ, டி, டபிள்யூ, அப்புறம் மேற்கோள் குறிக்குள் வைஃபை பெயர், கமா, பாஸ்வேர்டு. இணைந்ததும் ஏ, டி, ஆம்பர்சண்ட், டபிள்யூ அடித்தால் மோடம் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அது திறந்திருக்கட்டும்.

படி 5: இறக்குவது

ஏ, டி, டி அடித்து மேற்கோளுக்குள் பிபிஎஸ் முகவரி, முக்காற்புள்ளி, போர்ட் எண். கொமடோர்காரர்களுக்கான பிபிஎஸ் என்றால் எஃப்8 அழுத்தி கிராஃபிக்ஸ் முறைக்குத் திரும்புங்கள், படங்கள் அழகாக வரும்.

ஃபைலை அனுப்பும் முறையான புரோட்டோகால் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொமடோர் பிபிஎஸ்களில் பண்டர். மற்ற இடங்களில் எக்ஸ்மோடம். எக்ஸ்மோடம் 128 பைட் கொண்ட துண்டுகளாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் 'வந்தது' என்று சொன்ன பிறகே அடுத்தது வரும். டிஸ்க்கில் எழுதும்போது கொமடோரால் மோடத்தைக் கவனிக்க முடியாது, அதனால் இந்தக் காத்திருப்பு நமக்கு மிக அவசியம். பிபிஎஸ் பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டு எஃப்3 அழுத்திப் பெயர் கொடுங்கள்.

முதலில் சின்ன ஃபைல். 20 கேபி என்றால் 1200 வேகத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். முடிந்ததும் எஃப்6-இல் பட்டியலைப் பாருங்கள். 81 பிளாக் (டிஸ்க்கில் இடத்தை அளக்கும் அலகு) அளவில் காட்டும். அந்த ஃபைல் ஓடிவிட்டால் 2400-க்கு ஏறலாம். வேகத்தை முதலில் மோடத்தில் மாற்றுங்கள், அப்புறம் எஃப்7-இல்.