சுவரை இடிக்கும் முன் தரையில் கோடு போடுங்கள்

சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறோம் என்றதும் மனசு நேராக டைல்ஸ் நிறத்துக்குத்தான் ஓடும். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதல் தடவை நாங்கள் நிறத்தில்தான் ஆரம்பித்தோம். பிரிட்ஜை மூலையில், சுவரை ஒட்டி வைக்க இடம் விட்டோம். அதன் கதவு பாதிதான் திறந்தது. கீழ்த் தட்டை வெளியே இழுக்க அது போதவில்லை. தட்டைக் கழுவ வேண்டுமென்றால் பிரிட்ஜையே நகர்த்த வேண்டும். ஆறு வருஷம் அப்படியே ஓட்டினோம்.

இரண்டாம் தடவை, ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வாரம் நோட்டும் பேனாவும் அடுப்படியிலேயே இருந்தன. எதை எடுக்க எங்கே நடக்கிறேன், எதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறேன் என்று குறித்தேன். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவேதான் அதிக நடை. ஈரப் பாத்திரம் தரையெல்லாம் சொட்டியதும் அந்த வழியில்தான். அதனால் இரண்டையும் ஒரே மேடையில் வைத்து, நடுவில் நறுக்க மூன்று அடி விட்டேன். நான் செய்ததிலேயே நல்ல முடிவு இதுதான்.

சிங்க், அடுப்பு, பிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தை 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மூன்றும் சேர்ந்து 13 முதல் 26 அடி. ஒரே சுவரில் அமையும் சின்னச் சமையலறையில் முக்கோணம் வராது. அங்கே வரிசைதான் முக்கியம்: பிரிட்ஜ், சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு.

மேடை உயரத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொதுவாக 90 செ.மீ. அளவில் போட்டுவிடுவார்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பதுதான் உங்களுக்கான மேடை உயரம். மேஜை மேல் பலகைகளை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, பத்து நிமிஷம் நறுக்கிப் பாருங்கள், தோள் சொல்லிவிடும். அடுப்பின் மேல் பாத்திரத்தின் உயரமும் சேர்வதால் அந்த இடம் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் நல்லது. சிங்க்கில் கை தொட்டியின் அடிவரை போகும். அது கொஞ்சம் உயரமாக இருக்கலாம்.

அப்புறம் சாக்பீஸ். வேறொரு அறையின் தரையில் மேடையை 60 செ.மீ. அகலத்துக்கு வரையுங்கள். பிரிட்ஜ், அலமாரி, வாசல் என்று எல்லாக் கதவும் திறக்கும் வளைவையும் போடுங்கள். ஒருவர் சமைக்க நடைபாதை 105 செ.மீ., இருவர் என்றால் 120 செ.மீ. வேண்டும். வீட்டில் இன்னொருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாத்திரத்தோடு எதிரும் புதிருமாக நடந்து பாருங்கள். எங்கள் வரைபடத்தில் அடுப்புக்கு எதிரே இருந்த டிராயரை அந்த நடைக்குப் பிறகுதான் வேண்டாமென்று நீக்கினோம்.

சிங்க்கைத் தூரமாக மாற்ற ஆசைப்பட்டால் பிளம்பரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு வழி நெடுக வாட்டம், அதாவது சரிவு, வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்: என்னென்ன கருவி, எது எங்கே, எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். சூடாக்கும் கருவிகளுக்குத் தனி லைன் கேளுங்கள். அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்கை ஒட்டியும் பிளக் பாயிண்ட் வேண்டாம். விளக்கு கூரை நடுவில் மட்டும் இருந்தால் உங்கள் நிழலே நறுக்கும் பலகையில் விழும். மேல் அலமாரியின் அடியில் விளக்குக்கு இப்போதே ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

மேடைக்குக் கீழே முடிந்தவரை டிராயர். கதவு வைத்த அலமாரியில் பின்வரிசைப் பாத்திரத்தைக் குனிந்து தேட வேண்டியிருக்கும்.

குழாயும் ஒயரும் போட்டு முடித்த அன்று, கொத்தனார் பூசுவதற்குள், சுவரில் டேப்பை விரித்துப் பிடித்து ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். போன மாதம் ஒரு தட்டு மாட்ட டிரில்லிங் மெஷினை எடுத்தோம். போட்டோவைப் பார்த்தால், நாங்கள் பென்சிலால் குறித்த புள்ளிக்கு நேர் பின்னால் தண்ணீர்க் குழாய். துளையை நான்கு இன்ச் தள்ளிப் போட்டோம்.