ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம்

திங்கக்கிழமை காலையில மனசு படபடன்னு அடிக்குதுன்னா ஞாயிறு சாயங்காலம் டீ போட்டுட்டு ஒரு நோட்டோட உக்காருங்க. முதல்ல தலைக்குள்ள ஓடுற எல்லாத்தையும் கொட்டி எழுதுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ வர்ற கரண்ட் பில்லு, சிலிண்டர் புக்கிங், பையனோட ஸ்கூல் ஃபீஸ், அத்தைக்கு போன் பண்ணணும்னு நெனச்சது, எதையும் சின்னதுன்னு விடாதீங்க. அப்புறம் வாட்ஸ்அப்புல ஸ்டார் போட்டு வச்ச மெசேஜ், பர்ஸுல மடிச்சு வச்ச ரசீது, போன வார காலண்டர் எல்லாத்தையும் ஒரு பார்வை பாருங்க, விட்டுப்போனது அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

இப்பதான் முக்கியமான வேலை. ஒவ்வொண்ணுக்கும் அடுத்து என்ன செய்யணும், எந்த நாள்னு எழுதணும். "பேங்க் வேலை"ன்னு எழுதுனா அது அப்படியே கெடக்கும், "புதன் 11 மணிக்கு பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸோட பேங்க் போகணும்"னு எழுதுனா நடக்கும். முடிக்காத வேலை மனச அரிக்கறது, அத எப்ப எப்படி செய்வோம்னு திட்டம் போட்டாலே கொறையுதுன்னு 2011ல அமெரிக்காவுல வந்த ஒரு மனவியல் ஆய்வு சொல்லுது, எனக்கும் அதே அனுபவம்தான்.

ரெண்டு நிமிஷத்துல முடியறத அப்பவே முடிச்சிடுங்க. மூணு வாரமா தள்ளிட்டே வர்றத தயங்காம நோட்டுலேர்ந்து அடிச்சிடுங்க, இல்லன்னா வீட்ல யார்கிட்டயாவது ஒப்படைங்க. ஒரு வாரம் விட்டுப்போச்சா, பரவால்ல, அடுத்த ஞாயிறு உக்காருங்க.