ஆள் நிண்டு நிண்டு ஓடுறான்: கொன்சோலுக்கு வீட்டில் நெட் பூட்டும்போது நாங்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் அக்கா வீட்டுப் படலையைத் திறந்தால் போதும், மருமகன் போனோடு ஓடி வருவான். "மாமா, 30 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனா கேமுக்குள்ள ஆள் நிண்டு நிண்டுதான் ஓடுறான்" என்று வேகம் பார்த்த படத்தை நீட்டுவான். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் 30 மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் பொடி எழுத்தில் பிங் 140 என்று கிடப்பது தெரியாது.

ஒன்லைனில் விளையாடும்போது கொன்சோல் (பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் பூட்டி விளையாடும் பெட்டி) அனுப்பி வாங்கும் தரவு கொஞ்சம்தான். நிலையாக 5 எம்பிபிஎஸ் கிடைத்தால் தாராளம். முக்கியமானது, நாம் பட்டனை அழுத்திய செய்தி சேவருக்கு, அதாவது கேமை நடத்தும் தூரத்துக் கணினிக்கு, போய்த் திரும்ப எடுக்கும் நேரம். அதுதான் பிங். மில்லி செக்கனில் அளப்பார்கள். இங்கிருந்து விளையாடும்போது பல கேம்களுக்குக் கிட்டிய சேவர் சிங்கப்பூரிலோ மும்பையிலோதான் இருக்கும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி செக்கனில் 200 கிலோமீற்றர் அளவில்தான் போகும். அப்படியென்றால் போய்வர ஒளிக்கே 27 மில்லி செக்கன் தேவை. கடலுக்குள் கேபிள் நேர்கோட்டில் கிடப்பதுமில்லை. இதை யோசிக்காமல், பெரிய பக்கேஜ் எடுத்தால் பிங் 10க்கு இறங்கும் என்று மாதாமாதம் காசைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 70இல் ஆடாமல் அசையாமல் நின்றால் நன்றாகவே விளையாடலாம். 50இல் இருந்து 300க்குத் துள்ளித் துள்ளி விழுவதுதான் பிரச்சினை.

ஃபைபர் வந்த வீட்டுக்காரர் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் வீடுகளில் நான் காணும் பெரிய பிழை, ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது. அக்கா வீட்டிலும் அப்படித்தான். தகரக் கூரை, நடு ஹோல், இரும்பு அலுமாரியின் மேலே பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் ரவுட்டர். சிக்னலைத் தடுக்கத் தகரமும் இரும்புமே போதும், வேறொன்றும் தேவையில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1) போனில் அடித்தால் அதன் பக்கம் திறக்கும். அங்கே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம். மைனஸில் வரும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. இரண்டாவது சிக்னலின் துப்புரவு. அது கூடக் கூட நல்லது. எங்களுக்கு மைனஸ் 113உம் 1உம் காட்டியது. அதாவது, படுமோசம்.

நீட்டு வயர் ஒன்றை இழுத்து, ரவுட்டரைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் திரிந்தோம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்கவேண்டும், வைத்த உடனே வரும் எண்ணை நம்பக்கூடாது. றோட்டுப் பக்கம் பார்த்த குசினி யன்னலில் மைனஸ் 98, 12. பிங் 65க்கு இறங்கியது. "உன்ர பெட்டிக்கு என்ர குசினியோ? தாளிக்கிற எண்ணெய் முழுக்க அதிலதான் படியும்" என்று அக்கா ஒரே பிடி. சரி என்று அதே பக்கத்து அறை யன்னலுக்குக் கொண்டுபோனோம், அங்கே மைனஸ் 100. பரவாயில்லை. இந்தச் சோதனையைப் பகல் பதினொரு மணிக்குச் செய்து திருப்திப்படாதீர்கள். ஊரே போனோடு இருக்கும் இரவு எட்டு மணிக்கு டவர் எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

ரவுட்டர் யன்னலில், கொன்சோல் டிவிக்குக் கீழே. இடையில் லான் வயர். வைபை இருக்கும்போது வயர் எதற்கு என்பது அடுத்த பிழை. கேட்5ஈ ரக லான் வயர் 100 மீற்றர் வரை பிசகாமல் வேலை செய்யும். எங்களுக்குத் தேவைப்பட்டது 18 மீற்றர். மலிவு வயர்களில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது வரும், முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். நிண்டென்டோ சுவிட்சின் 2017ஆம் ஆண்டு டொக்கில் லான் துளை இல்லை, யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் வேண்டும்.

வைபைதான் கதி என்றால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். ரவுட்டரின் வைபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்று வருவது போன்காரரின் 5ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ் வைபை. அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், அயல்வீட்டு வைபையோடும் புளூடூத்தோடும் இடிபடும். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4க்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியவே தெரியாது. பட்டியலில் காணவில்லையே என்று ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை.

எல்லாம் செய்தும் இரவில் திடீரென்று இழுபட்டால், வீட்டில் யாருடைய போனாவது கல்யாண வீட்டு வீடியோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். 4ஜியில் அப்லோட் ஒடுக்கமான ஒழுங்கை. நெல் மூடை ஏற்றிய உழவு மெசினுக்குப் பின்னால் அகப்பட்ட மோட்டார்சைக்கிள் மாதிரி, கேமின் குட்டித் தகவல் அந்த வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தக் கருவிக்கு முதலிடம் என்று சொல்லும் வசதி) இருந்தால் கொன்சோலை முன்னுக்கு விடலாம். இல்லாவிட்டால் போன் படங்களைத் தானே மேலே ஏற்றிச் சேமிக்கும் பக்கப்பை நள்ளிரவுக்குப் பிறகு வையுங்கள். கொன்சோலின் தானியங்கி அப்டேட்டும் இதே ஆள்தான். 'றெஸ்ட் மோட்' என்று தூங்குவதுபோல் கிடந்து டேட்டாவைக் குடிக்கும். 100 ஜிபி தாண்டும் கேம்களும் இருக்கின்றன. அளந்து தரும் பக்கேஜ்காரர் அதை நிறுத்திவைத்து, தேவையானபோது கையால் இறக்குவதே நல்லது.

அப்புறம் இந்த 'நாட் டைப் 3', 'ஸ்ட்ரிக்ட்' தொல்லை. வெளியில் இருந்து வரும் இணைப்புகள் தடுபடுகின்றன என்று கொன்சோல் காட்டும் எச்சரிக்கை அது. யூடியூப் பார்த்து இரவிரவாகப் போர்ட் (ரவுட்டரில் வெளியார் உள்ளே வரும் கதவு) திறக்கிறவர்கள் முதலில் ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபியை, அதாவது கொம்பனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரியை, பார்க்கவேண்டும். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், கொம்பனிக்காரரே பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். உங்கள் ரவுட்டரில் எத்தனை கதவைத் திறந்தாலும் வெளிக்கேற் பூட்டித்தான் கிடக்கும். பொது ஐபி (உங்கள் வீட்டுக்கென்றே வெளியில் தெரியும் முகவரி) தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தராவிட்டாலும், சேவரில் ஓடும் கேம்கள் பெரும்பாலும் ஓடும், நண்பரோடு குரல் பேசுவதும் ஆட்டத்தை நீங்களே நடத்துவதும்தான் சிக்கல். ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் பூட்டியிருந்தால் இரண்டாவதை அக்சஸ் பொயின்ட்டாக (வைபையை மட்டும் பரப்பும் பெட்டியாக) மாற்றிவிடுங்கள், பாதித் தலையிடி போகும்.

கடைசியாக மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வன்னி வானம் எப்படி வெடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு லான் வயரை அப்படியே விடுவதுதான் எல்லோரும் செய்வது. பக்கத்து வீட்டுக்கு முற்றத்தால் வயர் இழுத்தவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. கிட்ட ஒரு பனையில் விழுந்தாலே அந்த வயரில் மின்சாரம் பாயும், ரவுட்டரும் கொன்சோலும் சேர்ந்து போகும். வெளி அன்டெனா வயரும் அப்படியே. சாதாரண சேர்ஜ் கார்ட் (மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் தடுக்கும் பிளக்) கரண்ட் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். எங்கள் நீல லான் வயரை முதலில் கழற்றுவது இப்போது மருமகன் இல்லை. மேற்கே கறுத்தால், அவன் பாதி ஆட்டத்தில் இருந்தாலும், அக்கா வந்து இழுத்துவிடுறா.