டேக் இட் ஈஸி: பிங்கோ போல ஆடி, யோசித்து ஜெயிக்கும் ஆட்டம்

பிங்கோவில் ஒருவர் எண்ணைச் சொல்கிறார், நம் சீட்டில் இருந்தால் அடிக்கிறோம். சீட்டு நன்றாக அமைந்தால் ஜெயிப்போம், அவ்வளவுதான். டேக் இட் ஈஸியிலும் ஒருவர் எடுத்துச் சொல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிறோம். ஆனால் வந்ததை எங்கே வைப்பது என்பது அவரவர் முடிவு. எல்லாருக்கும் அதே சில்லுகள் (எண் எழுதிய அறுகோணத் துண்டுகள்), அதே வரிசையில் வருகின்றன. இருந்தும் கடைசியில் ஒருவர் 60 புள்ளியில் நிற்பார், பக்கத்தில் இருப்பவர் 180 எடுத்திருப்பார். எனக்கு இந்த ஆட்டத்தின் மீது இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

பீட்டர் பர்லி உருவாக்கிய இந்த ஆட்டம் 1983-இல் வெளிவந்தது. விதிகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். எங்கே வைப்பது என்று பழகத்தான் நாளாகும், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1. பலகையைப் பாருங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை. அதில் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், மொத்தம் 19. மேலிருந்து கீழாக ஓடும் ஐந்து நேர் வரிசைகள் இருக்கும். அவற்றில் முறையே 3, 4, 5, 4, 3 கட்டங்கள். இதே கட்டங்களை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் ஐந்து வரிசை, வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாலும் ஐந்து வரிசை. ஆக மொத்தம் 15 கோடுகள். புள்ளி வருவதெல்லாம் இவற்றிலிருந்துதான்.

2. சில்லைப் படியுங்கள்

ஆளுக்கு 27 சில்லுகள். ஒவ்வொன்றின் மீதும் மூன்று கோடுகள், மூன்று எண்கள். மேலிருந்து கீழாக ஓடும் நேர்க்கோட்டில் 1, 5, 9 என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். ஒரு சாய்வில் 2, 6, 7. மற்றச் சாய்வில் 3, 4, 8. எட்டு என்று காதில் விழுந்தாலே அது எந்தத் திசை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனி நிறமும் உண்டு.

மூன்று திசை, திசைக்கு மூன்று எண். சேர்த்துப் பார்த்தால் 3 × 3 × 3 = 27. அதாவது ஒரு சில்லைப் போல இன்னொன்று கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

3. ஆடும் முறை

ஒருவர் தன் 27 சில்லுகளையும் கவிழ்த்துக் கலக்கி வைக்கிறார். மற்றவர்கள் தங்களுடையதை எண் தெரியும்படி பரப்பிக்கொள்ளலாம். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை நேர்க்கோட்டு எண் வாரியாக அடுக்கினால் தேடும் நேரம் மிச்சம். கலக்கியவர் ஒன்றை எடுத்து, "ஒன்பது, ஆறு, நாலு" என்று சத்தமாகச் சொல்கிறார். எல்லாரும் அதே சில்லைத் தேடி எடுத்து, தங்கள் பலகையில் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு கட்டத்தில் வைக்கிறார்கள். எண்கள் நேராக நிற்க வேண்டும், சுழற்றி வைக்கக் கூடாது. வைத்த பிறகு நகர்த்தவும் கூடாது. எல்லாரும் வைத்து முடித்ததும் அடுத்த சில்லு. 19 கட்டமும் நிறைந்ததும் ஆட்டம் முடிந்தது, மீதி 8 சில்லுகள் வராமலே போய்விடும்.

4. புள்ளி

ஒரு கோடு முனையிலிருந்து முனைவரை ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் புள்ளி. அந்த எண்ணைச் சில்லுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நடு வரிசையில் ஐந்து ஒன்பதுகள் என்றால் 45. நான்கு ஒன்பதும் ஒரு ஐந்தும் என்றால் சுழியம். புதிதாக ஆடுபவர்கள் தவறுவது இங்கேதான். "நாலு சேர்ந்திருக்கிறதே" என்பார்கள். சேர்ந்தது கணக்கில் வராது.

முதலில் நேர்க்கோடுகள், அப்புறம் ஒரு சாய்வு, அப்புறம் மறு சாய்வு என்று எண்ணினால் எதுவும் விடுபடாது. எடுக்க முடிகிற அதிகபட்சப் புள்ளி 307. முதல் ஆட்டத்தில் நூறைத் தொடாவிட்டால் வருந்த வேண்டாம். 200 தாண்டினால் அது அருமையான ஆட்டம்.

எங்கே வைப்பது?

முதல் சில்லாக 9-7-8 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கை தானாக நடுக்கட்டத்துக்குப் போகும். போகட்டும், அது சரிதான். நடுக்கட்டத்தில்தான் மூன்று ஐந்துகட்டக் கோடுகளும் சந்திக்கின்றன.

அடுத்து 9-2-3. சின்ன எண்கள் இருக்கின்றனவே என்று ஒதுக்கிவிடாதீர்கள். நடு வரிசையின் மேல் முனையைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் ஒன்பது நீளக்கோட்டில் சேர்கிறது, இரண்டும் மூன்றும் ஓரத்தில் உள்ள மூன்றுகட்டக் கோடுகளில் விழுகின்றன. பெரிய எண்ணுக்கு நீளக்கோடு, சின்ன எண்ணுக்கு ஓரக்கோடு. 1-7-3 வந்தாலும் இதே வழிதான். ஏழின் நீளக்கோடு முடியும் மூலையில் வைத்தால், ஒன்றும் மூன்றும் ஓரங்களுக்குப் போய்விடும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஒவ்வொரு எண்ணும் சரியாக 9 சில்லுகளில் இருக்கிறது. 27-இல் 19 மட்டுமே வருவதால், சராசரியாக ஓர் எண்ணுக்கு ஆறு சில்லுகள் கிடைக்கும். ஐந்துகட்டக் கோடு ஒன்று, நான்குகட்டக் கோடு ஒன்று என இரண்டையும் ஒன்பதால் நிரப்ப நினைத்தால் ஒன்பது சில்லும் வந்தாக வேண்டும். அதை நம்பி ஆடாதீர்கள். எந்தப் பெரிய எண்ணுக்கும் ஒரே ஒரு நீளக்கோடு போதும்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு காலிக் கட்டத்தின் மூன்று கோடுகளும் ஏற்கெனவே முடிவாகிவிட்டால், அங்கே பொருந்துவது 27-இல் ஒரே ஒரு சில்லுதான். இரண்டு கோடுகள் முடிவாகி மூன்றாவது திறந்திருந்தால் மூன்று சில்லுகள் பொருந்தும். அதனால் எல்லாக் கோடுகளையும் காப்பாற்றப் பார்ப்பவர் எல்லாவற்றையும் இழக்கிறார். ஏதாவது ஒரு கோட்டை மனதாரக் கைவிடுங்கள், அதுவும் சீக்கிரமே. ஓரத்தில் இருக்கும் ஒன்றுகளின் வரிசை முழுதாக முடிந்தாலும் 3 புள்ளிதான். அதை உடைத்து, வேண்டாத சில்லுகளை அங்கே தள்ளுங்கள். 45 புள்ளிக் கோட்டை அது காப்பாற்றும்.

நீங்கள் காத்திருக்கும் சில்லு இன்னும் வரக்கூடியதா என்று உங்கள் முன் பரப்பியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அது ஏற்கெனவே பலகையில் வேறெங்கோ உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு போயிற்று. மனதை உடனே அடுத்த கோட்டுக்கு மாற்றுங்கள். சொல்லும் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் மீதிச் சில்லுகள் கண்ணில் படாது. அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தப் பொறுப்பை மாற்றிக்கொள்வது நியாயம்.

தனியாகவும் ஆடலாம், நான் பழகியது அப்படித்தான். ஆட்டம் முடிந்ததும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, வந்த 19 சில்லுகளையும் பலகையிலிருந்து எடுத்து, அவசரமில்லாமல் மறுபடி அடுக்கிப் பாருங்கள். இந்த முறை எதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். அப்படி அடுக்கியதையும் எண்ணி, முதலில் எடுத்த புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தக் கோட்டை எப்போது விட்டிருக்க வேண்டும் என்று அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் தெரியும்.